பித்தளையா, அலாயா, எவர்சில்வரா: தோல் பொருளில் எதைப் பதிக்கலாம்?

சென்னை பெரியமேட்டில் லெதர் ஃபிட்டிங்ஸ் விற்கும் கடை ஏதாவது ஒன்றில் "பெல்ட்டில் பதிக்கிற மாதிரி பூ டிசைன் இருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். அநேகமாக மூன்று விதமான பூ மேசைக்கு வரும். மூன்றும் ஒரே அளவு, ஒரே மஞ்சள். ஒன்று கெட்டிப் பித்தளை. ஒன்று ஜிங்க் அலாயில், அதாவது துத்தநாகக் கலவையில், வார்த்து மேலே முலாம் போட்டது. இன்னொன்று இரும்புத் தகட்டை அச்சில் அடித்து முலாம் போட்டது. முகத்தை மட்டும் பார்த்து இவற்றைப் பிரிப்பது கஷ்டம். அழகுப் போட்டி வைத்தால் அலாய்தான் ஜெயிக்கும். இதழின் நரம்பு, நடுவிலுள்ள புள்ளி எல்லாம் அதில்தான் துல்லியமாக விழுந்திருக்கும். விலையும் பித்தளையை விட நன்றாகவே குறைவு. அப்படியானால் அதையே வாங்கிவிட்டுப் போகலாமே?

சில வேலைகளுக்கு வாங்கலாம். எந்த வேலைக்கு என்பதுதான் விஷயம். தோல் வேலை புதிதாகக் கற்றுக்கொள்பவர்கள் பூவின் முகத்தைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். எதில் மாட்டுவது, திருகா, ரிவிட்டா, பல்லா என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். என் அனுபவத்தில் இந்த இரண்டும் ஒரே முடிவு. சில உலோகங்களை அவ்வப்போது கழற்றித் துடைக்க வேண்டியிருக்கும். சிலவற்றை இரண்டு வருடத்தில் மாற்ற வேண்டியிருக்கும். சிலவற்றை ஒருமுறை அடித்துவிட்டு மறந்துவிடலாம். எது எந்த வகை என்று தெரியாமல் மாட்டும் முறையைத் தேர்ந்தெடுக்க முடியாது.

முதலில் பித்தளை. செம்பும் துத்தநாகமும் சேர்ந்த கலவை. தகடாக அடிக்கும் பித்தளையில் செம்பு 70 சதவீதத்தை ஒட்டி இருக்கும். வார்ப்புப் பித்தளையில் 60 சதவீதத்தை ஒட்டி. தோலோடு இதன் உறவு நமக்குப் புதிதில்லை. பரதநாட்டியச் சலங்கையை எடுத்துக்கொள்ளுங்கள். தோல் பட்டையில் வரிசை வரிசையாகப் பித்தளை மணிகள், ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு காது, அந்தக் காதைத் தோலில் போட்ட துளை வழியாக இழுத்து நூல் கோத்துக் கட்டியிருப்பார்கள். காலில் அதிர்ச்சி, வியர்வை, தரையில் மிதி. ஒரு தோல் அலங்காரத்துக்கு இதைவிடக் கடுமையான பரீட்சை கிடையாது. பத்து பதினைந்து வருடம் ஆடிய சலங்கையில் தோல் நைந்திருக்கும், நூல் அறுந்து மாற்றியிருப்பார்கள்; மணி அப்படியே இருக்கும். புதுத் தோலில் அதே மணிகளைக் கோத்துக் கொடுப்பதும் வழக்கம்தான். மாட்டுக் கழுத்துப் பட்டையில் கோத்த மணிக்கும் இதே கதைதான்.

பித்தளையின் நல்ல குணம் இதில் தெரிகிறது: உள்ளும் புறமும் ஒன்றே. தேய்ந்தாலும் உள்ளே இருப்பதும் பித்தளை. கீறல் விழுந்தால் கீறலும் மஞ்சள். மங்கினால் துடைத்து எடுக்கலாம். துடைக்காமல் விட்டால் பழுப்பேறி, அதுவும் தோலின் நிறம் ஆழமாவதற்குப் பொருத்தமாகவே இருக்கும். புதுப் பித்தளையின் பளபளப்பை விட, ஒரு வருடம் உடம்போடு பழகிய பித்தளையின் நிறம்தான் எனக்குப் பிடிக்கும். ஆனால் அது ரசனை சார்ந்தது. வாடிக்கையாளர் பளபளப்பைத்தான் கேட்பார்.

குறையும் உண்டு. களிம்பு. பித்தளைப் பாத்திரத்தில் ஏறுகிற அதே பச்சைக் களிம்புதான், ஆனால் தோலில் அது வருகிற விதம் வேறு. பதனிடும்போது தோலுக்குள் எண்ணெயும் கொழுப்பும் ஏற்றுகிறார்கள். தோல் வளைந்து கொடுப்பது அதனால்தான். அந்தக் கொழுப்பில் உள்ள அமிலங்கள் செம்போடு வினைபுரிந்து மெழுகு போன்ற ஒரு பச்சைப் பொருளை உண்டாக்குகின்றன. பூவின் விளிம்பில், தோலைத் தொடும் இடத்தில் அது பிதுங்கி நிற்கும். பீரோவில் ஆறு மாதம் பூட்டி வைத்த பெல்ட்டில் இதை நிச்சயம் பார்த்திருப்பீர்கள். பயப்பட ஒன்றுமில்லை. பல்குச்சியால் சுரண்டி, துணியால் துடைத்தால் போய்விடும். எண்ணெய் நிறைய ஏற்றிய தோலில் அதிகமாகவும், உலர்ந்த தோலில் குறைவாகவும் வரும். மாட்டுவதற்கு முன் பூவின் பின்பக்கத்தில் நிறமில்லாத நெயில் பாலிஷ் ஒரு பூச்சு கொடுத்தால் நன்றாகவே குறைகிறது.

விளக்கு துலக்கிய கை உடனே புளியைத் தேடும். பெல்ட்டில் அது வேண்டாம். புளிக் கரைசல் தோலில் பட்டால் கறை நிற்கும், பூவுக்கும் தோலுக்கும் நடுவில் ஈரம் தங்கினால் மறுபடியும் களிம்புதான். பூவைக் கழற்றிப் புளி போட்டுத் தேய்த்து, கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்டலாம். கழற்ற முடிந்தால்! பித்தளைக்குத் திருகுதான் பொருத்தம் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இன்னொரு சின்ன விஷயம். கடைப் பித்தளையில் பலவும் நிறமில்லாத லாக்கர், அதாவது வார்னிஷ் மாதிரி ஒரு பூச்சு, பூசித்தான் வரும். தேயாத வரை அது கண்ணாடி மாதிரி இருக்கும். தேய்ந்த பிறகு மேடான இடம் மட்டும் கறுத்து, பள்ளம் மட்டும் பளபளத்து, சொறி பிடித்த மாதிரி ஆகிவிடும். வேண்டாமென்றால் தோலில் பதிப்பதற்கு முன்பே அசிட்டோனில் ஊறவைத்து லாக்கரை எடுத்துவிடுங்கள். பதித்த பிறகு அசிட்டோன் தொட்டால் தோலின் மேல்பூச்சும் சேர்ந்து வந்துவிடும்.

இப்போது அலாய். கடையில் "அலாய்" என்றோ "ஜிங்க்" என்றோ சொல்வது பெரும்பாலும் ஜமாக் என்ற கலவையை. துத்தநாகத்தில் ஏறத்தாழ 4 சதவீதம் அலுமினியம், வகையைப் பொறுத்துக் கொஞ்சம் செம்பு. 1929-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி ஜிங்க் கம்பெனி உருவாக்கியது. இது 400 டிகிரி செல்சியஸுக்கும் கீழேயே உருகிவிடும். பித்தளை உருக 900 டிகிரிக்கு மேல் வேண்டும். விலை வித்தியாசம், வேலைப்பாட்டு வித்தியாசம் எல்லாவற்றுக்கும் இந்த இரண்டு எண்கள் போதும். குறைந்த சூட்டில் உருகுவதால் எஃகு அச்சுக்குள் அழுத்தத்தோடு செலுத்தி, ஒரே அச்சில் லட்சக்கணக்கில் எடுக்கலாம். அச்சும் சீக்கிரம் தேயாது. மெல்லிய கோடு, சின்ன எழுத்து எல்லாம் அப்படியே விழும். சிங்க முகம், மண்டையோடு, மயில் தோகை என்று நுணுக்கமான டிசைன் எல்லாம் பெரும்பாலும் அலாயிலேயே கிடைப்பதற்கும் இதுவே காரணம்.

அலாயின் பிரச்சினை இரண்டு. ஒன்று, அதன் சொந்த நிறம் மங்கிய சாம்பல். அதை யாரும் வாங்க மாட்டார்கள், எனவே செம்பு, நிக்கல், அதற்கு மேல் பித்தளை நிறம் அல்லது பொன்நிறம் என்று முலாம் அடுக்க வேண்டும். எல்லாம் சேர்ந்தாலும் மைக்ரான் கணக்குதான். பெல்ட்டில் மேசை விளிம்பு உரசும் இடம், பையில் இடுப்பு உரசும் இடம், அங்கேதான் முதலில் போகும். போன இடத்தில் வியர்வை பட்டால் துத்தநாகம் வெள்ளையாகப் பூத்து, பக்கத்திலுள்ள முலாமையும் தூக்கிவிடும். "ஆன்டிக்" என்று கறுப்பேற்றி விற்பதில் இது கொஞ்சம் தாமதமாகத் தெரியும், ஏனென்றால் அது முதலிலேயே பழசு மாதிரிதானே இருக்கிறது. அலாய் வாங்குவதென்றால் ஆன்டிக் நிறத்தில் வாங்குவது புத்திசாலித்தனம்.

இரண்டாவது, அது வளையாது, உடையும். பித்தளைப் பூவின் விளிம்பு மடங்கினால் மரச்சுத்தியலால் தட்டி நிமிர்த்தலாம். அலாய்ப் பூவின் கூரான இதழ் மடங்காது, போய்விடும். பின்னால் திருகு ஏறும் மரையும் அலாயிலேயே வார்த்திருந்தால், கொஞ்சம் கூடுதலாக முறுக்கியதும் மரை வழுக்கும். பெல்ட் பக்கிள், நாய் கழுத்துப் பட்டை வளையம் மாதிரி இழுவை தாங்கும் எதிலும் அலாய் வைக்கக் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வேன். அலங்காரம் என்றால் சரி. பாரம் தாங்குவது என்றால் வேண்டாம்.

கடைக்காரர் "ப்யூர் பிராஸ் சார்" என்று சொன்னால் எப்படிச் சரிபார்ப்பது? முதலில் ஒரு காந்தம். ஒட்டினால் உள்ளே இரும்பு, பேச்சு முடிந்தது. ஒட்டாவிட்டால் பித்தளையாகவும் இருக்கலாம், அலாயாகவும் இருக்கலாம். பின்பக்கத்தில், யாருக்கும் தெரியாத மூலையில், ஒரு ஊசியால் ஆழமாகக் கீறுங்கள். கீறலும் மஞ்சளாக இருந்தால் பித்தளை. உள்ளே சாம்பல் வெள்ளை தெரிந்தால் அலாய். அலாய்ப் பூவின் முதுகில் சின்னச் சின்ன வட்டத் தடங்களும் இருக்கும். அச்சிலிருந்து வார்ப்பைத் தள்ளிவிடும் கம்பிகளின் தடம் அது.

கீற விடமாட்டார்கள், அல்லது நெட்டில் வாங்கி வீட்டுக்கு வந்துவிட்டது என்றால் தண்ணீர் இருக்கிறது. நகை எடை போடும் சின்ன டிஜிட்டல் தராசு போதும். முதலில் பூவின் எடை, உதாரணமாக 21 கிராம். பிறகு தராசின் மேல் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துப் பூஜ்யம் ஆக்குங்கள். பூவை நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுவதும் மூழ்கும்படி, அடியையும் ஓரத்தையும் தொடாமல் தொங்கவிடுங்கள். தராசு காட்டுவது பூ விலக்கிய தண்ணீரின் எடை. 2.5 கிராம் காட்டினால் 21-ஐ 2.5-ஆல் வகுத்தால் 8.4 வரும், அது பித்தளை. 3.15 காட்டினால் 6.7 வரும், அது ஜிங்க் அலாய். இரும்பு 7.8-க்குப் பக்கத்தில் நிற்கும், அலுமினியம் 2.7. பூவின் முதுகுக் குழியில் காற்றுக் குமிழி ஒட்டிக்கொண்டால் கணக்கு தப்பும், விரலால் தடவி விட்டுவிட்டு அளக்க வேண்டும். பேச்சுக்கு இடமில்லாத சோதனை இது. மொத்தமாக வாங்குவதற்கு முன் ஒரே ஒரு பூவை வாங்கி வந்து இதைச் செய்துவிடுவது நல்லது.

பித்தளை பக்கிள் வாங்கும்போது காந்தத்தை அதன் நாக்கின் மேலும், அதாவது பெல்ட் ஓட்டையில் நுழையும் கம்பியின் மேலும், வையுங்கள். சட்டம் பித்தளையாக இருக்கும், நாக்கு மட்டும் முலாம் போட்ட இரும்பாக இருக்கும். இது ஏமாற்று என்று சொல்ல முடியாது, பல இடத்தில் வழக்கமே அப்படித்தான். ஆனால் துருப் பிடிப்பதும் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும்.

இரும்பைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, ஒன்றைத் தவிர. எந்தத் தோலில் பதிக்கிறீர்கள் என்பது இரும்புக்கு உயிர் போகிற கேள்வி. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் பெரும்பாலும் குரோம் போட்டுப் பதனிட்ட தோல். திருச்சி, திண்டுக்கல் பக்கத்து ஈஸ்ட் இந்தியா லெதர், அதாவது ஈ.ஐ. லெதர், பட்டை போட்டுப் பதனிட்டது. புவிசார் குறியீடும் அதற்கு உண்டு. ஆவாரம் பட்டை, கடுக்காய் என்று துவர்ப்புள்ள சரக்கில் ஊறிய தோல். துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது கலம்காரி போடுகிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். துணியைக் கடுக்காயில் நனைத்து, துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் ஊறவைத்த தண்ணீரால் கோடு இழுத்தால் கன்னங்கரேலென்று கறுப்பு பிடிக்கும். உங்கள் வெளிர் நிற பெல்ட்டில், முலாம் தேய்ந்த ரிவிட்டைச் சுற்றி நடப்பதும் அதேதான். வியர்வை பட்ட மறுநாள் நீலக் கறுப்பில் ஒரு வளையம் நிற்கும். சோப்புக்குப் போகாது, எளிதில் எடுக்க முடியாது. ஆகவே பட்டை போட்ட தோலில் இரும்பு ரிவிட், இரும்பு ஸ்டட் (தோலில் பதிக்கும் குமிழ்) எதுவும் வேண்டாம். குரோம் தோலில், அதுவும் கறுப்பு நிறமென்றால், கறை தெரியாது. துரு மட்டும்தான் கவலை.

எவர்சில்வர் வேறு ஜாதி. 304 என்று சொல்லும் ரகத்தில் குரோமியம் 18 சதவீதம், நிக்கல் 8 சதவீதம். மேலே கண்ணுக்குத் தெரியாத குரோமியம் ஆக்சைடு படலம் தானாகவே உருவாகும், கீறினாலும் திரும்ப உருவாகும். வியர்வை, மழை, பட்டை போட்ட தோல், எதற்கும் பெரிதாக அசையாது. கடற்கரைக் காற்றில் மட்டும் பழுப்புப் புள்ளி வரலாம். மாலிப்டினம் சேர்த்த 316 ரகத்தில் அதுவும் குறைவு. இதன் குறை அழகில்தான் இருக்கிறது. உருக்கி வார்ப்பதும் கடினம், அடித்து உருக்கொடுப்பதும் கடினம். அதனால் எவர்சில்வரில் கிடைக்கும் அலங்காரம் பெரும்பாலும் தட்டையான வட்டம், பந்து ஸ்டட், லேசரில் வெட்டிய உருவம் என்று நிற்கும். குழிவும் மேடும் உள்ள பூ வேலை அரிது. நேர்க்கோட்டு டிசைன் பிடித்தவர்களுக்கு இது போதும். கோயில் வேலைப்பாடு மாதிரி வேண்டும் என்பவர்களுக்கு இது ஒத்துவராது. பொன்நிறம் வேண்டுமென்றால் எவர்சில்வரின் மேல் பி.வி.டி. முறையில், அதாவது வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைக்கும் முறையில், டைட்டானியம் நைட்ரைடு ஏற்றியது கிடைக்கிறது. சாதாரண முலாமை விட எவ்வளவோ கெட்டி, விலையும் அதற்கேற்ப.

தோலின் மேல் பதிப்பதை நம் உடம்புத் தோலும் தொடும் என்பதை மறந்துவிடுகிறோம். தொப்புளுக்குக் கீழே அரித்துச் சிவந்து, பெல்ட்டை மாற்றியதும் சரியாகிறவர்கள் உண்டு. காரணம் பக்கிளில் உள்ள நிக்கல். ஐரோப்பிய யூனியனில் இதற்கென்றே சட்டம் இருக்கிறது: உடம்பில் நீண்ட நேரம் படும் பொருளிலிருந்து வாரத்துக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் வெளியேறக் கூடாது. கவனியுங்கள், எவ்வளவு இருக்கிறது என்று அந்தச் சட்டம் கேட்கவில்லை, எவ்வளவு வெளியேறுகிறது என்றுதான் கேட்கிறது. எவர்சில்வரில் 8 சதவீதம் இருந்தும் மிகச் சொற்பமாகத்தான் வெளியேறும். முலாம் போட்ட அலாயில் மேல் அடுக்கு தேய்ந்ததும் அடியிலுள்ள நிக்கல் நேராகத் தொடும். ஜெர்மன் சில்வர் என்று பூஜைச் சாமான் கடைகளில் குவிந்து கிடப்பதில் வெள்ளி துளியும் கிடையாது; செம்பு, நிக்கல், துத்தநாகம்தான். வேலைப்பாட்டுக்கு அருமையான உலோகம், வெள்ளி மாதிரியே இருக்கும், ஆனால் அரிப்பு உள்ளவர்களுக்குக் கைப்பட்டையில் வைத்துக் கொடுக்க மாட்டேன். பையின் முகப்பில் தாராளமாக வைக்கலாம்.

மாட்டும் முறைக்கு வருவோம். இந்தப் பூக்களைக் கடையில் "கான்ச்சோ" என்றும் கேட்கலாம். அமெரிக்காவின் தென்மேற்கில் நவஹோ மக்கள் வெள்ளியில் அடித்து பெல்ட்டில் கோத்த வட்டங்கள்தான் அதன் மூலம். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க, மெக்சிக வெள்ளி நாணயங்களை உருக்கியும் அடித்தும் செய்தார்கள். தொடக்க காலத்து வட்டங்களின் நடுவில் சாய்சதுர ஓட்டை இருக்கும், குறுக்கே ஒரு பாலம். தோல் பட்டை அந்த ஓட்டைக்குள் நுழைந்து பாலத்தைச் சுற்றி வெளியே வரும். அதாவது மாட்டும் வழிக்காக நடுப்பகுதி முழுவதையும் விட்டுக்கொடுத்தார்கள். பற்றவைக்கும் நுட்பம் கைவந்த பிறகு முதுகில் செம்பு வளையம் ஒட்டினார்கள், ஓட்டை மூடியது, நடுவிலும் வேலைப்பாடு வந்தது. பின்பக்கம் மாறியதும் முன்பக்கம் மாறியது. இன்றைக்கு நாம் வாங்கும் பூவிலும் முதுகைப் பார்த்தால் அது எந்தப் பொருளுக்குச் செய்தது என்று தெரிந்துவிடும்.

திருகு முதுகு உள்ள பூவில், முதுகில் மரையும் பின்னாலிருந்து முறுக்க ஒரு தட்டைத் தலைத் திருகும் இருக்கும். இதில் எல்லாரும் மாட்டிக்கொள்வது திருகின் நீளத்தில். திருகு நீளமாகவும் தோல் மெல்லியதாகவும் இருந்தால், திருகு அடிவரை போய் முட்டி நின்றுவிடும், கையில் இறுகிய மாதிரி தெரியும், ஆனால் பூ ஆடும். பெல்ட்டுக்கு 3.5 முதல் 4 மில்லிமீட்டர் தோல் எடுத்தால், முட்டுவதற்கு முன்பே தோல் லேசாக அமுங்கும் அளவுக்குத் திருகு இருக்க வேண்டும். நீளமானதுதான் கிடைத்தது என்றால் வெட்டுத்தோலில் (வெட்டி மிஞ்சிய துண்டில்) ஒரு வாஷர் வெட்டி உள்ளே கொடுங்கள், அல்லது அரத்தால் திருகைக் குறையுங்கள். தோலின் உள்பக்கத்தைக் கொஞ்சம் செதுக்கி, திருகின் தலை துருத்தாமல் பதித்தால் சட்டையைக் கிழிக்காது. கழலாமல் இருக்க மரையில் நீல நிற லாக் திரவம் ஒரு சொட்டு. சிவப்பு வேண்டாம், அதைக் கழற்றச் சூடு காட்ட வேண்டியிருக்கும். நெயில் பாலிஷும் ஓரளவு வேலை செய்யும்.

ஒரு திருகு மட்டும் உள்ள பூ சுழலும். வட்டப் பூ சுழன்றால் யாருக்கும் தெரியப்போவதில்லை. மயிலோ யானையோ சுழன்றால் ஒரு வாரத்தில் தலைகீழாக நிற்கும். மேல் கீழ் உள்ள டிசைனுக்கு இரண்டு இடத்தில் பிடிப்பு வேண்டும், இல்லாவிட்டால் வட்டத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ரிவிட் மலிவு, வேகம், கழலாது. இரண்டு பக்கமும் குமிழ் மூடி உள்ள இரட்டைத் தொப்பி ரிவிட்டில் தண்டு தோலைத் தாண்டி 3 மில்லிமீட்டர் நின்றால் சரியாக உட்காரும். அதிகம் நின்றால் உள்ளே வளைந்து சாயும், குறைவாக நின்றால் நாளைக்கே பிரியும். குழிந்த அச்சு வைத்து அடிக்க வேண்டும், வெறும் சுத்தியலில் அடித்தால் குமிழ் தட்டையாகிவிடும். கழற்ற வேண்டுமென்றால் துளையிட்டு எடுப்பதுதான் வழி, அதில் தோலும் கொஞ்சம் சேதமாகும். எனவே ரிவிட் வகை அலங்காரத்தை எவர்சில்வரிலோ, களிம்பைப் பற்றிக் கவலைப்படாத கெட்டிப் பித்தளையிலோ மட்டும் எடுங்கள். தேயப்போகிற முலாமை நிரந்தரமாக அடித்து வைப்பதில் அர்த்தமில்லை.

பல் வைத்த ஸ்டட் தகட்டில் அடித்தது. இரண்டு அல்லது நான்கு பல் தோலைத் துளைத்து உள்ளே போய் மடங்கும். நூறு ஸ்டட் வரிசையாகப் பதிக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை. ஆனால் உள்ளே மடங்கிய பல் உடையைக் கீறும், பணப்பைக்குள் என்றால் நோட்டைக் கீறும். ஸ்டட் பதித்த பிறகு உள்ளே இன்னொரு மெல்லிய தோல் ஒட்டித் தைக்க இடம் இருக்கிறதா என்று முதலிலேயே திட்டமிட வேண்டும். காது வைத்து நூலில் கோக்கும் முறை, அதான் சலங்கையில் பார்த்தது, மெதுவான வேலை. ஆடி அசையும் பொருளுக்கு இன்றும் அதுவே நல்லது. இறுக்கமாகப் பிடிக்காததால் அதிர்ச்சி உலோகத்தின் மேல் விழாது.

சரி, யாராவது என்னிடம் கேட்டால் என்ன சொல்வேன்? தினமும் கட்டுகிற பெல்ட் என்றால் கெட்டிப் பித்தளை, திருகு முதுகு. பணம் கூடுதலாகத்தான் ஆகும், ஆனால் பெல்ட் போன பிறகும் பூவைக் கழற்றி அடுத்ததில் மாட்டலாம். வியர்வை அதிகம், வேலை நேரத்திலும் கட்டுகிறவர், அல்லது அரிப்பு உள்ளவர் என்றால் எவர்சில்வர், ரிவிட். தோள் பையின் மூடியில், நடுவில் ஒரே ஒரு பெரிய உருவம் வேண்டும், வேலைப்பாடு நுணுக்கமாக வேண்டும் என்றால் அலாய் ஆன்டிக்கை மறுக்க மாட்டேன். அங்கே உரசலும் குறைவு, பாரமும் இல்லை. அதையும் திருகில்தான் மாட்டுவேன், முலாம் போனதும் மாற்றுவதற்கு. கேமரா பட்டை, கிதார் பட்டை இரண்டிலும் பின்பக்கம் உலோகமே தெரியக் கூடாது. கருவியின் முதுகில் ஒரு கீறல் விழுந்தால் நீங்கள் பதித்த பூவின் விலையைப் போல் பல மடங்கு நஷ்டம். நாய்ப் பட்டையில் வளையமும் பக்கிளும் கெட்டிப் பித்தளை அல்லது பற்றவைத்த எவர்சில்வர்; ஸ்டட் வேண்டுமென்றால் உள்ளே தோல் வைத்துத் தைத்தது மட்டும். பாக்கெட்டில் வைக்கும் பர்ஸில் எதுவுமே வேண்டாம் என்பேன். உட்காரும்போது குத்தும், பேன்ட் பாக்கெட்டில் பூவின் அளவுக்கு ஓர் ஓட்டை விழும். அதில் தோலிலேயே அச்சுக் குத்தி அழகு செய்துகொள்ளலாம்.

விற்பதற்காகச் செய்கிறவர்களுக்கு இன்னொன்று. ஒரே பொருளில் இரண்டு உலோகம் கலக்காதீர்கள். பித்தளைப் பூவும் முலாம் பக்கிளும் முதல் நாளில் ஒரே நிறம். ஆறாவது மாதத்தில் ஒன்று பழுப்பு, ஒன்று மஞ்சள், வாடிக்கையாளர் கண்ணுக்கு இரண்டில் ஏதோ ஒன்று போலி. பக்கிள் கெட்டிப் பித்தளையில் கிடைக்காவிட்டால் பக்கிள், பூ இரண்டையுமே எவர்சில்வருக்கு மாற்றிவிடுவது நல்லது.

புதிய கடையில் வாங்கும் சரக்கை நான் உப்புத் தண்ணீரில் நனைத்த பஞ்சில் சுற்றி, பட்டை போட்ட வெட்டுத்தோலின் மேல் ஓர் இரவு வைத்துப் பார்ப்பேன். காலையில் தோலில் பச்சை நிழல் விழுந்தால் பித்தளை, அது எதிர்பார்த்தது. வெள்ளைப் பூ பூத்தால் முலாம் ஓட்டை. கறுப்பு வளையம் விழுந்தால் உள்ளே இரும்பு, சரக்கு திரும்பப் போகும். திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்று வாங்கும்போதே கேட்டு, பில்லில் எழுதி வாங்கிவிடுங்கள்.